இசக்கியம்மாளுக்குப் பதில்

ஜூன் 2, திங்கள்

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இதை எழுதிவைப்பதற்காகவே வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி இந்த நோட்டை வாங்கினேன். நாளைக்கு மனம் மாறினால் எடுத்துப் பார்க்க ஒரு சாட்சி வேண்டும்.

‘நாலாவது மேடை’ தொடரில் நான் கோமதி. இசையும் நடனமும் சொல்லித்தரும் ஒரு கல்லூரியில் மாணவர்கள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள், காதலிக்கிறார்கள். போட்டிக்கு முந்தின நாள் தவறாமல் ஒருத்தருக்குக் கால் சுளுக்கிக்கொள்ளும். திங்கள் முதல் சனி வரை ஏழரை மணிக்கு வருகிறது. கோமதி மூன்றாவது பெஞ்சுக்காரி. “தேவி, உன்னை பிரின்சிபால் கூப்பிடுறாங்க” என்று வாரத்துக்கு ஒரு வசனம் உண்டு. தேவி எழுந்து போவாள், கேமராவும் அவள் பின்னாலேயே போய்விடும்.

அந்த தேவி வாயைத் திறந்து பாடினால் வருவது என் குரல்.

முதல் பாட்டுக்கு என்னை டிராக் பாடத்தான் கூப்பிட்டார்கள். படப்பிடிப்பு நின்றுவிடாமல் இருக்க யாரையாவது வைத்துப் பாடி வைப்பார்கள். பெரிய பாடகி வந்து பாடியதும் டிராக்கைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெரிய பாடகி வரவில்லை, ஒளிபரப்புத் தேதி வந்துவிட்டது. பாட்டு என் குரலோடு போனது, போன இடத்தில் எல்லாருக்கும் பிடித்தும் போனது. இரண்டு வருடத்தில் நாற்பது பாட்டு பாடிவிட்டேன். இன்னும் நான் டிராக்தான்.

தொடர் முடிந்ததும் ஓடும் பெயர்களை ஒருநாள் விடாமல் பார்க்கிறேன். சும்மாதான். ஜெனரேட்டர் பார்த்துக்கொள்பவர் பெயர் வருகிறது, சாப்பாடு கொண்டுவருபவர் பெயர் வருகிறது. ஒரு வாரம் நடித்துவிட்டுப் போன நாய்க்குட்டி ஜிம்மியின் பெயர்கூட வந்தது. நடித்தவர்களில் நான் ‘மற்றும் பலர்’. பாட்டில் அதுவும் இல்லை. எனக்குப் பெயர் ஆசையெல்லாம் கிடையாது. ஆனால் ஜிம்மிக்குக் கீழே நிறைய இடம் இருந்தது.

இன்று மேனேஜர் தட்சிணாமூர்த்தி சார் ஒரு தாளை நீட்டினார். அடுத்த மாதம் மதுரையில் சேனல் விழாவாம். தேவியாக நடிக்கும் ஆத்யா மேடையில் ‘பாட’ப் போகிறாளாம், அதாவது என் குரலுக்கு வாயசைக்கப் போகிறாள். ‘நடிப்பும் பாட்டும் ஒரே பெண்’ என்று விளம்பரம் தயாராகிவிட்டது. பாடியது யார் என்று வெளியே மூச்சுவிட மாட்டேன் என நான் எழுதித் தரவேண்டும்.

“பேரைப் போடுங்க சார், கையெழுத்துப் போடுறேன்” என்றேன்.

“பேரைப் போட்டுட்டா அப்புறம் கையெழுத்து எதுக்கும்மா?” என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் போடவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

கட்டில் கால் ஒன்று ஆடிக்கொண்டே இருந்தது. அந்தத் தாளை நாலாக மடித்து அடியில் வைத்தேன். இப்போது ஆடவில்லை.

ஜூன் 5, வியாழன்

புதுப் பாட்டு பதிவு. ஆத்யா வழக்கம்போல் வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். மங்களூர்ப் பெண். தமிழ் இங்கே வந்துதான் கற்றுக்கொண்டாள். மற்ற நடிகைகள் பாட்டைப் போனில் கேட்டுவிட்டு வாயசைப்பார்கள். இவள் பதிவுக்கே வந்து என் தொண்டையைப் பார்ப்பாள். எங்கே மூச்சு எடுக்கிறேன், எங்கே கழுத்து நரம்பு புடைக்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாள். அதனால்தான் கேமராவைப் பக்கத்தில் வைத்து எடுத்தாலும் அவளே பாடுவதுபோல் இருக்கிறது. இரண்டாவது டேக்கில் முடித்துவிடுவாள். தொழில் தெரிந்தவள் என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இடைவேளையில் பக்கத்தில் வந்து நின்றாள்.

“இசக்கி, நான் பாடுறேன்னு எங்கேயும் சொல்லலே. நிஜமா.”

“பாடலைன்னும் சொல்லலியே.”

அவள் முகம் சுருங்கிவிட்டது. சுருங்கட்டும் என்றுதான் சொன்னேன். ஆனால் மத்தியானம் அவள் எனக்காக எடுத்துவைத்திருந்த மாம்பழத் துண்டுகளைச் சாப்பிட்டேன். மாம்பழத்தின் மேல் என்ன கோபம்?

இரவு ஏழரைக்குத் தொடர் தொடங்கும்முன் அட்டை போட்டார்கள். பிரின்சிபாலாக நடித்தவர் விலகிவிட்டார். பழைய பிரின்சிபால் படம், புதியவர் படம், நடுவில் ‘இவருக்குப் பதில் இவர்’. மூன்று விநாடிதான். தொடரை விட்டுப் போகிறவர்களுக்குக் கிடைக்கிற ஒரே மரியாதை அது. அதுவும் முதல் பெஞ்சுக்காரர்களுக்கு மட்டும்.

ஜூன் 9, திங்கள்

மேனேஜர் மறுபடியும் கேட்டார். தாள் எங்கே என்றார். பத்திரமாக இருக்கிறது, தினமும் அதன்மேல்தான் படுக்கிறேன் என்றேன்.

“ஊர்ல ஆயிரம் தொண்டை இருக்கும்மா.”

“அப்போ ஆயிரத்துல ஒண்ணைக் கூப்பிட்டுக்கோங்க சார்.”

சிரித்தார். அவர் கோபப்பட்டால் எனக்குப் பயமில்லை. சிரித்ததுதான் சரியாகப் படவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

போட்டோகிராபர் வந்து என்னைத் தனியாகச் சுவர் ஓரம் நிறுத்தினார். எனக்கா, தனிப் படமா என்று முதலில் பெருமையாகக்கூட இருந்தது. முடியை வேறு சரிசெய்துகொண்டேன்.

“லேசா சிரிங்க. இவ்வளவு வேண்டாம். அமைதியா, எல்லாரையும் மன்னிச்ச மாதிரி.”

அப்போதே புரிந்திருக்க வேண்டும். மாலை நாலு மணிக்குக் கல்லூரி வராந்தா செட்டில் அந்தப் படம் சட்டத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது. முன்னால் குத்துவிளக்கு, மேலே சந்தன மாலை. கோமதி போட்டிக்குப் போகும் வழியில் பஸ் விபத்தில் இறந்துவிட்டாளாம். சாவுக்குக்கூட ஒரு காட்சி கிடையாது. பிரின்சிபாலுக்குப் போன் வருகிறது, கையிலிருந்து போன் நழுவுகிறது, அவ்வளவுதான்.

மாலை என் மோவாயை மறைத்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. நானே போய் எனக்குப் போட்ட மாலையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். லைட்மேன் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “ஆயுசு நூறு” என்றார். நல்ல மனிதர்.

ஜூன் 11, புதன்

துணி துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூன் 16, திங்கள்

ஏழே முக்காலுக்கு எனக்கு மாலை போட்டார்கள். எட்டு மணிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“ஏட்டி, நீ உசுரோடதான இருக்க?”

“நான் இல்லாம யாரும்மா பேசுதா?”

“வாயக் கழுவு. எதித்த வீட்டுப் பேச்சி மயினி பீடித்தட்டப் போட்டுட்டு ஓடியாந்துட்டா. தெருவே வாசல்ல நிக்கி. எம்புள்ளைக்கி ஒண்ணுமில்ல, நாடகத்துலதான்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்கி. எவன்டி அவன், கல்யாணம் ஆவாத புள்ளைக்கி மாலையப் போட்டவன்? அவன் கையி வெளங்குமா?”

போட்டது ஆர்ட் டிபார்ட்மெண்ட் பையன், பாவம் என்றேன். அம்மா கேட்கிற நிலையில் இல்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

“செத்ததுக்குப் பொறவாவது ஒம் பேரப் போடுவான்னு பாத்தேன். மொகம் ஒம்மொகம், கீழ கோமதின்னு எழுதிருக்கானுவ.”

அம்மாவும் முடிவில் ஓடும் பெயர்களைப் பார்க்கிறாள் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. நான்தான் பாடுகிறேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறாளாம். நம்பியது பேச்சி அத்தை ஒருத்திதானாம், அவளும் ஒரு மரியாதைக்காகத்தானாம்.

ஜூன் 17, செவ்வாய்

சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

இசையமைப்பாளர் சகாயம் அண்ணன் காலையில் கூப்பிட்டார். குரலே சரியில்லை. “நாளன்னைக்குப் பதிவு இருக்கு இசக்கி. சனிக்கிழமை ஸ்பெஷல் எபிசோடு. கோமதி படத்து முன்னால நின்னு தேவி பாடுறா. இரங்கல் பாட்டு.”

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கதை எழுதுகிறவருக்கு மூன்றாவது பெஞ்சு கோமதியைத் தெரியும், தேவியின் பாட்டுகளையும் தெரியும். இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது. எந்தத் தாளிலும் என் பெயர் இல்லையே, எப்படித் தெரியும்? மேனேஜர் கோமதியைக் கழற்றிவிடு என்றிருக்கிறார், இவர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். இப்போது என் சாவுக்கு நானே வந்து பாட வேண்டும்.

“வாரேண்ணே. பேரு போடச் சொல்லுங்க” என்றேன்.

அண்ணன் நான் கேட்காமலே மெட்டை முனகிக் காட்டினார். ‘நீ எழுந்துபோன பெஞ்சியில வெயில் வந்து உக்காந்திருக்கு’ என்று தொடங்குகிறது. கீழே ஆரம்பித்து, எங்கும் அழாமல், கடைசி வரியில் மட்டும் மேலே ஏறுகிறது. சண்டாளன், இரண்டு வருடமாக இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார்?

எனக்கு அந்தப் பாட்டு வேண்டாம். பாத்திரம் துலக்கும்போது ஒருதரம், சாதம் வடிக்கும்போது ஒருதரம், மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது ஒருதரம் பாடிப் பார்த்தேன். ‘வெயில்’ என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுத்தால் நன்றாக இருக்கிறது.

ஜூன் 18, புதன்

ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். டீயும் பிஸ்கட்டும் வந்தபோதே தெரிந்தது, இது மூன்றாவது பெஞ்சுக்கான உபசாரம் இல்லை.

“கோமதிக்கு ஒரு தங்கச்சி இருந்தான்னு வெச்சுக்குவோம்” என்றார் மேனேஜர். “அச்சு அசல் அக்கா மாதிரியே. அடுத்த மாசம் காலேஜ்ல வந்து சேர்றா. பெரிய கேரக்டரும்மா. முதல் பெஞ்சு. அழுகை, பழிவாங்கல், கல்யாணம் எல்லாம் இருக்கு. நீ அந்தத் தாளை மட்டும் குடுத்துட்டு நாளைக்குப் பாடிடு.”

பொய் எழுத மாட்டேன். ஆசை வந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரிப்பதுபோல்கூட நினைத்துவிட்டேன்.

“தங்கச்சிக்குப் பேரு என்ன சார்?”

“ரேவதின்னு யோசிச்சிருக்கோம்.”

“இசக்கியம்மாள்னு எங்க வரும்?”

அவருக்கு உண்மையிலேயே வருத்தம்போல, பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டார். “உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். பாட்டுக்குக் கீழ இசக்கியம்மாள்னு போட்டா எவன்மா கேப்பான்? சந்தையில வெத்தலை விக்கிற பேரு. சண்டையே போட்டு ஜெயிச்சாலும் இஷான்னு ஏதாவது மாத்திக்கோ. இவ்வளவு நல்ல குரலை வெச்சுக்கிட்டு...”

“அது எங்க குலசாமி பேரு சார்” என்றேன். “ஊர் எல்லையில கைப்பிள்ளையோட நிக்கிறவ. அவளை யாரும் இஷான்னு கூப்பிட்டதில்ல, கூப்பிட்டுட்டு ஊர் போய்ச் சேந்ததும் இல்ல.”

டீயைக் குடிக்காமல் எழுந்தேன். வடபழனி வரைக்கும் நடந்தே வந்தேன், பஸ்ஸில் கூட்டமாக இருந்ததால். வழியெல்லாம் ஒரே லாரிப் புகை. கண் எரிந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

அறைக்கு வந்து இந்த நோட்டின் முதல் வரியை எடுத்துப் பார்த்தேன். சாட்சி சாட்சியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

வைஷாலி என்று ஒரு பெண் பாடிவிட்டாளாம். நல்ல பாடகிதான், கேட்டிருக்கிறேன். தொண்டையில் குற்றம் சொல்ல முடியாது. சொல்ல முயன்று பார்த்தேன்.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் ஆத்யா என் அறைக்கு வந்தாள், முதல்முறையாக. முகத்தில் பாதி மேக்கப் அப்படியே இருந்தது. கட்டிலில் உட்கார்ந்தாள். இன்றைக்கு அந்தப் பாட்டைப் படம்பிடித்திருக்கிறார்கள். பதினோரு டேக். எந்த டேக்கிலும் வாய் பாட்டோடு சேரவில்லை. புதுக் குரல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் இவள் மூச்சு எடுக்கிறாளாம். டைரக்டர் தொப்பியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கடைசியில் கேமராவைத் தூரமாகக் கொண்டுபோய்விட்டாராம்.

“உனக்கு என்ன ஆச்சு? ரெண்டு டேக்குல முடிக்கிற ஆளு” என்றேன்.

“இந்தப் பாட்டை நீ பாடினா எங்கே மூச்சு எடுப்பேன்னு எனக்குத் தெரியும் இசக்கி. ‘வெயில்’ வர்றதுக்கு முன்னாடி. சரியா?”

நான் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

“ரெண்டு வருஷமா உன் மூச்சுலதான் நடிக்கிறேன். எனக்கு வேற வராது.”

வராதா, வரவிடவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது, அதனால் விட்டுவிட்டேன். ரசம் வைத்திருந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டோம். போகும்போது, “இந்தக் கட்டில் ரொம்ப ஸ்டெடியா இருக்கு” என்றாள். காரணத்தைச் சொன்னதும் சிரித்தாள், பாதி மேக்கப் கலையும் அளவுக்கு.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று பாட்டு வந்துவிட்டது. இன்றைக்குச் சேனலின் இணையப் பக்கத்தில் பாட்டுக்குக் கீழே கருத்து எழுதுகிறவர்கள் விடவில்லை. தேவிக்குத் தொண்டை கட்டிவிட்டதா? இது வேறு குரல். அப்படியென்றால் இதற்கு முன் பாடியது யார்? ஒரே பெண் என்றீர்களே? இப்படி நூற்றுக்கணக்கில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. எந்தத் தாளும் என்னைத் தடுக்கவில்லை, கையெழுத்துத்தான் போடவில்லையே. ஆனாலும் என் பெயரை நானே போய்க் கீழே எழுதிக்கொள்வதா? எழுத வேண்டியது அவர்கள். அவர்கள் எழுதும்வரை நான் கதவைத் தட்டுவேனே தவிர, ஜன்னல் வழியாகக் குதிக்கமாட்டேன்.

மத்தியானம் பார்த்தால் அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஒரு வீடியோ. எங்கள் வீட்டுச் சுவர், அதன் முன்னால் அம்மா, மடியில் பீடித்தட்டு. பேச்சி அத்தை மகள் எடுத்திருக்கிறாள்.

“நாப்பத்தோரு பாட்டும் பாடுனது எம்மவ இசக்கியம்மாள். செத்தது கோமதி. எம்மவ சாவல. பேரப் போடுங்க.”

அவ்வளவுதான். பிறகு குனிந்து பீடி சுற்றத் தொடங்கிவிட்டாள். உடனே கூப்பிட்டேன்.

“என்னம்மா காரியம் பண்ணிருக்க?”

“எங்கிட்ட எவனும் கையெழுத்து வாங்கலையே” என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஆத்யா போனில் சொன்னது: அம்மாவின் வீடியோவைச் சேனல் பெரியவர்களே பார்த்துவிட்டார்கள். மதுரை விழாவில் பாட்டு இல்லை, அவள் ஆடுகிறாள். நிருபர் ஒருவர் ஆத்யாவிடமே கேட்டாராம். “நான் பாட மாட்டேன், எனக்குப் பாடினவங்க பேரு இசக்கியம்மாள்” என்று சொல்லிவிட்டாளாம். மேனேஜர் அவளோடு பேசுவதில்லை.

இதைக் கேட்டதும் வைஷாலியும் உட்கார்ந்துவிட்டாளாம். அவள் பெயரையும் போடாமல் அடுத்த பாட்டுக்கு வரமாட்டாளாம். அந்தப் பெண்ணின் தொண்டையில் குற்றம் தேடியதற்காக அவளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

எனக்கு மட்டும் அழைப்பு எதுவும் வரவில்லை. சகாயம் அண்ணன்கூடக் கூப்பிடவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை. போனுக்கு இரண்டுதரம் சார்ஜ் போட்டேன், அது பழைய போன்.

ஜூன் 25, புதன்

ஏழரை. டைட்டில் பாட்டு, சேனல் சின்னம். பிறகு அட்டை.

பிரின்சிபாலுக்குப் போட்டார்களே, அதே நீலநிற அட்டைதான். என் படம் இருந்தது, மாலைக்காக எடுத்த அதே படம், எல்லாரையும் மன்னித்த சிரிப்போடு. மாலையை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். ‘தேவியின் பாடல்களை இதுவரை பாடிவந்த இசக்கியம்மாளுக்குப் பதில் இனி வைஷாலி’.

மூன்று விநாடி. ‘இஷா’ இல்லை, சுருக்கம் இல்லை. என் பெயரை நாற்பத்தொரு பாட்டுக்கும் போடாதவர்கள் என்னை வெளியே அனுப்புவதற்குப் போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, லாரி எதுவும் போகவில்லை. வென்றேனா தோற்றேனா என்று யாராவது கேட்டால் வென்றேன் என்றுதான் சொல்வேன். வேலை போய்விட்டது என்பதையும் சொல்வேன். இரண்டும் உண்மைதான்.

அம்மா கூப்பிட்டாள்.

“ஏட்டி, போட்டுட்டானாம்லா! மூக்குக் கண்ணாடிய எடுக்கதுக்குள்ள போயிட்டு. பேச்சி மயினி வாசிச்சா, அவ திக்கித் திக்கி வாசிப்பா, எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னதான் எழுதிருந்தான், நீ வாசி.”

பதறிப்போய் எழுதிவைத்திருந்தேன். நோட்டைப் பார்த்து வாசித்தேன். “தேவியின் பாடல்களை இதுவரை பாடிவந்த இசக்கியம்மாள்...”

“அம்புட்டுப் போதும்” என்றாள் அம்மா. “அதுக்கு மேல வாசிக்காத.”

நிறுத்தினேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, “அந்தக் கோமதிப் புள்ளைக்கி ஒரு பாட்டுப் படிச்சாளுவல்லா, அத நீ படிக்கவே இல்லியே. இப்பம் படி. பேச்சி மயினியும் இங்கனதான் இருக்கா” என்றாள்.

போனைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். ‘நீ எழுந்துபோன பெஞ்சியில’ என்று தொடங்கி, என் இடத்தில் மூச்சு எடுத்து, கடைசி வரியில் அண்ணன் போட்டதைவிடவும் கொஞ்சம் மேலே ஏறினேன். பக்கத்து அறைக்காரி வந்து கதவில் நின்றாள். நின்றால் நிற்கட்டும்.

முடிந்ததும் அம்மா மறுபடி மூக்கை உறிஞ்சினாள்.

“இது எழவுக்குப் படிக்க மாதிரி இல்லியேட்டி” என்றாள். “சண்டைக்குக் கூப்பிடுத மாதிரில்லா இருக்கு.”

ஆமாம்மா என்றேன்.